ஏற்காடு ஏறப்போகும் காருக்கு எத்தனை காற்று வைப்பது?

உங்கள் கேள்வியை இரண்டு தடவை படித்தேன். மேலோட்டமாகப் பார்த்தால் காருக்கு எத்தனை பிஎஸ்ஐ (டயர் காற்றின் அழுத்தத்தை அளக்கும் அலகு) வைப்பது என்றுதான் இருக்கிறது, ஆனால் உள்ளே நாலு எண்கள் ஒன்றோடொன்று சண்டை போட்டுக்கொண்டிருக்கின்றன. டிரைவர் பக்கக் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் 33 என்கிறது. பெட்ரோல் பங்கில் காற்றுப் பிடிக்கிற பையன், "வெயில் காலம்ங்க, 30 போதும்" என்கிறான். உங்கள் மாமா, மலை ஏறுவதற்கு முன்னால் 28க்கு இறக்கிவிடு, அப்போதுதான் வளைவில் பிடி கிடைக்கும் என்கிறார். டயரின் பக்கவாட்டிலோ 44 என்று அச்சடித்திருக்கிறது. போன வருடம்தான் கைமாறி வாங்கிய ஹேட்ச்பேக், அதில் மே மாதம் அப்பா, அம்மா, மனைவி, குழந்தை எல்லோரையும் ஏற்றிக்கொண்டு சேலத்திலிருந்து ஏற்காடு போகப்போகிறீர்கள், வழியில் டயர் வெடித்துவிடுமோ என்று பயம். ஆக, வெயிலுக்கும் மலைக்கும் பயந்து காற்றைக் குறைக்கலாமா என்பதுதான் உங்கள் கேள்வி. குறைக்காதீர்கள். காலையில் வண்டி ஆறியிருக்கும்போது ஸ்டிக்கரில் உள்ள எண்ணை வையுங்கள், ஆட்களும் சாமானும் நிறைந்திருந்தால் முழுச் சுமைக்கு என்று அதே ஸ்டிக்கரில் போட்டிருக்கும் எண்ணை வையுங்கள். அவசரமாகப் போக வேண்டியவர்கள் இதோடு போகலாம். ஏன் என்று கேட்பவர்களுக்கு மிச்சம்.

நான் சொல்வதை எவ்வளவு நம்பலாம் என்று நீங்கள் முடிவு செய்ய வசதியாக, என்னைப் பற்றி இரண்டு வரி. ஆட்டோமொபைல் டிப்ளமோ முடித்துவிட்டு பதினோரு வருடம் ஒரு டயர் கம்பெனியில் கிளைம் பார்க்கும் வேலையில் இருந்தேன். வெடித்த டயரை, வீங்கிய டயரை, ஒரு பக்கம் மட்டும் தேய்ந்த டயரை டீலர் கடைக்குக் கொண்டுவருவார்கள். நான் போய் உள்ளும் புறமும் பார்த்து, தேவைப்பட்டால் அறுத்துப் பார்த்து, தயாரிப்பில் கோளாறா, ஓட்டியதில் கோளாறா என்று எழுதித் தர வேண்டும். திட்டு வாங்குவது சம்பளத்தில் சேர்த்தி. இப்போது கொண்டலாம்பட்டிப் பக்கம் சொந்தமாக ஒரு வீல் அலைன்மென்ட் கடை, சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்கிற வேலை. டயரை வடிவமைக்கிற ஆள் இல்லை நான், டயர் எப்படிச் சாகிறது என்று நிறையப் பார்த்தவன், அவ்வளவுதான்.

முதலில் ஸ்டிக்கர். அதை ஏதோ சம்பிரதாயத்துக்கு ஒட்டியது என்று பலர் நினைக்கிறார்கள். அந்தக் காரின் எடை முன் சக்கரங்களில் எவ்வளவு, பின் சக்கரங்களில் எவ்வளவு, என்ன வேகம் போகும், பிரேக் பிடித்தால் எங்கே நிற்கும், ஸ்டியரிங் எப்படித் திரும்பும், குலுக்கல், மைலேஜ் எல்லாவற்றையும் ஓட்டிப் பார்த்து, அந்த அளவு டயருக்கென்று கார் கம்பெனி முடிவு செய்த எண் அது. வண்டியைத் தாங்குவது ரப்பர் என்று நமக்குத் தோன்றும். பெரும்பகுதி சுமையைத் தாங்குவது உள்ளே அடைபட்டிருக்கும் காற்றுதான். அதனால்தான் ஒரே டயரை இரண்டு வெவ்வேறு கார்களில் மாட்டினால் இரண்டுக்கும் வேறு வேறு எண் வரும். இங்கே ஓடும் சின்னக் கார்களுக்குப் பொதுவாக 30க்கும் 36க்கும் நடுவில் ஏதோ ஒன்று இருக்கும். ஸ்டிக்கர் கதவுத் தூணில் இல்லையென்றால் பெட்ரோல் மூடியின் உள்பக்கம் பாருங்கள், அங்கேயும் இல்லையென்றால் கையேட்டில் இருக்கும். சில வண்டிகளில் கிலோபாஸ்கலிலோ பாரிலோ போட்டிருப்பார்கள், 100 கிலோபாஸ்கல், அதாவது 1 பார், 14.5 பிஎஸ்ஐ.

அந்த 44க்கு வருவோம். அது டயர் கம்பெனி போட்டது. எந்தக் காரில் போய் மாட்டுவார்கள் என்று அவர்களுக்குத் தெரியாது, ஆகவே இதற்கு மேல் காற்று வைக்காதே என்று உச்ச வரம்பைச் சொல்கிறார்கள். சில டயர்களில் 51 என்றிருக்கும். அது உங்கள் காருக்கான எண் கிடையாது, அதைப் பார்த்து 44 வைத்துக்கொண்டு போனால் வண்டி கல்லில் எம்பும், பிரேக்கில் பிடி குறையும், நடுப்பட்டன் (ரோட்டில் பதியும் ரப்பர்ப் பூவின் நடுப்பகுதி) தேயும். ஆனால் அந்த 44லிருந்து ஒரு தகவல் நமக்குக் கிடைக்கிறது, அதுவும் டயர் ஆறியிருக்கும்போது உள்ள வரம்புதான். ஓடிச் சூடேறி அதற்கு மேல் போவதையும் கணக்கில் வைத்துத்தான் டயரைக் கட்டுகிறார்கள். இதை மனதில் வைத்துக்கொண்டு வெயில் விஷயத்தைப் பாருங்கள்.

பள்ளிக்கூடத்தில் படித்த வாயு விதிதான், வேறொன்றும் இல்லை. அடைபட்ட காற்றின் வெப்பம் 10 டிகிரி செல்சியஸ் ஏறினால் கார் டயரில் அழுத்தம் ஏறத்தாழ 1.5 பிஎஸ்ஐ ஏறும். காலை ஆறு மணிக்கு 26 டிகிரியில் 33 வைத்தீர்கள் என்று வைத்துக்கொள்வோம். சேலத்து மே மாத மதியம் 39 டிகிரி, வண்டி நிழலில் நின்றால்கூட டயரில் 35 பிஎஸ்ஐ ஆகிவிடும். அப்புறம் பைபாஸில் ஒரு மணி நேரம் ஓட்டினால், பக்கவாட்டு ரப்பர் சுற்றுக்குச் சுற்று மடங்கி நிமிர்வதிலேயே சூடு பிறக்கும், இன்னொரு 4, 5 ஏறும். ஆகமொத்தம் 39, 40. இது பயப்பட வேண்டிய எண்ணே இல்லை. 33 என்று ஸ்டிக்கரில் எழுதியவர்களுக்கு அது ஓடும்போது 39 ஆகும் என்று தெரியும், தெரிந்துதான் எழுதியிருக்கிறார்கள். நல்ல நிலையில் உள்ள கார் டயர் வெறும் அழுத்தத்தால் கிழிய வேண்டுமென்றால் 100 பிஎஸ்ஐயைத் தாண்டிப் போக வேண்டும் (சோதித்துப் பார்க்காதீர்கள், கடையில் காற்றுப் பிடிக்கும்போது உயிர் போன கதைகள் உண்டு). வெயில் எந்தக் காலத்திலும் உங்களை அங்கே கொண்டுபோகாது.

இப்போது பங்கில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். மதியம் இரண்டு மணிக்கு, சங்ககிரியிலிருந்து ஓடி வந்த சூட்டோடு நீங்கள் போய் நிற்கிறீர்கள். மெஷின் 39 காட்டுகிறது. "அய்யோ, ஆறு அதிகமா இருக்குதுங்க" என்று பையன் 33க்கு இறக்கிவிடுகிறான். நல்ல எண்ணத்தில்தான் செய்கிறான். மறுநாள் காலை ஆறியபின் அளந்தால் அது 28க்குப் பக்கத்தில் நிற்கும். அடுத்த பயணத்தில் 28ல் ஓடும் டயர் 33ல் ஓடுவதைவிட அதிகம் மடங்கும், அதிகம் மடங்கினால் அதிகம் சூடாகும், அந்தச் சூட்டைப் பார்த்து அடுத்த பங்கில் இன்னொரு புண்ணியவான் இன்னும் கொஞ்சம் இறக்குவான். வெடிக்கக் கூடாதென்று செய்கிற வேலை வெடிப்பதற்கான வழியைப் போட்டுக் கொடுக்கிறது. சூடான டயரிலிருந்து காற்றை இறக்காதீர்கள். இந்தப் பதிலில் எந்தச் சந்தேகமும் இல்லாமல் நான் சொல்லக்கூடிய விஷயங்களில் இதுதான் முதலாவது.

கிளைம் வேலையில் இருந்தபோது தொப்பூர் இறக்கத்தில் பின் டயர் வெடித்த ஒரு காரின் டயரைக் கொண்டு வந்தார்கள். வண்டிக்காரர் ரொம்பக் கோபமாக இருந்தார், புது டயர், எட்டு மாதம்கூட ஆகவில்லை, காற்று அதிகமாகி வெடித்துவிட்டது, கம்பெனி பதில் சொல்ல வேண்டும் என்றார். உள்பக்கம் கையை விட்டேன், அடுப்புக் கரி மாதிரி கறுப்புப் பொடி கையில் அப்பியது. பக்கவாட்டின் உள்சுவரில் வட்டமாக ஒரு தடம், ரப்பர் தேய்ந்து உள்ளே நூல் தெரிந்தது. காற்றுக் குறைவாகப் பல கிலோமீட்டர் ஓடினால் மட்டும்தான் இப்படி ஆகும். பக்கவாட்டு மடிந்து மடிந்து தன்னைத் தானே அரைத்துக்கொள்ளும், ஒரு கட்டத்தில் நூலும் ரப்பரும் பிரியும், அப்புறம் ஒரே சத்தம். மெதுவாகக் காற்று இறங்குகிற ஒரு ஆணி பட்டனில் இருந்தது, அவருக்குத் தெரியவே இல்லை. நான் பார்த்த 'வெடித்த' கார் டயர்களில் பெரும்பாலானவை இந்த ஜாதிதான், காற்றுக் குறைவு, அதோடு சுமை, அதோடு வேகம். மற்றவை பள்ளத்தில் அடிபட்டு உள்நூல் அறுந்தவை, வயதாகி வெடிப்பு விட்டவை. வெயிலில் காற்று அதிகமாகி மட்டும் வெடித்தது என்று நான் எழுதிக் கொடுத்த டயர் ஒன்றுகூட இல்லை. ஒன்று சொல்ல வேண்டும், வெயிலுக்கு இதில் பங்கே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஏற்கெனவே நலிந்த டயரைக் கடைசியாகத் தள்ளிவிடுவது பெரும்பாலும் வெயில்தான், அதனால்தான் ஏப்ரல், மே மாதங்களில் எனக்கு வேலை அதிகம். காற்றை இறக்குவது அந்த நலிவுக்கு மருந்து இல்லை.

சரி, மலை. சேலம் கடல் மட்டத்துக்கு மேல் 280 மீட்டர் சொச்சம், ஏற்காடு 1,500 மீட்டர் சொச்சம். உயரம் போகப் போக வெளியே உள்ள காற்றின் அழுத்தம் குறைகிறது, டயர் காற்றை அளக்கும் கேஜ் காட்டுவது உள்ளே உள்ளதற்கும் வெளியே உள்ளதற்கும் இடையிலான வித்தியாசத்தை. ஆகவே டயரைத் தொடாமலேயே மேலே போனதும் கேஜில் ஏறக்குறைய 2 பிஎஸ்ஐ அதிகம் தெரியும். ஆனால் மேலே குளிரும் இருக்கிறது, இந்த உயரத்துக்குச் சுமார் 8 டிகிரி குறையும், அதனால் 1.2 போல இறங்கும். இரண்டையும் கூட்டிக் கழித்தால் மிஞ்சுவது ஒரு பாயிண்டுக்கும் குறைவு. அதாவது மலைக்காகக் காற்றைக் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம், ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டு போய்விடுகிறது. டிசம்பரில் மட்டும் சின்ன வேடிக்கை நடக்கும். சேலத்தில் மதிய வெயிலில் சரியாக 33 வைத்துக்கொண்டு போய், மேலே இரவு தங்கி, விடியற்காலை 13 டிகிரியில் எழுந்து பார்த்தால் கேஜ் 31 காட்டும், டயர் அழுத்தத்தைக் கண்காணிக்கும் சென்சார் உள்ள புதுக் கார்க்காரர்கள் ஏரிக்கரையில் நின்று காற்று இறங்கிவிட்டதோ என்று டயரை உதைத்துப் பார்ப்பார்கள். ஒன்றும் ஆகவில்லை, கீழே வந்ததும் தானாகச் சரியாகிவிடும்.

உங்கள் மாமா சொன்ன 28 எங்கிருந்து வந்தது என்று எனக்கு ஒரு ஊகம் உண்டு. எஸ்டேட் ஜீப்புகள். காபித் தோட்டத்து மண் பாதையில், மழைச் சேற்றில், காற்றை இறக்கினால் டயர் அகலமாகப் பதிந்து பிடி கிடைக்கும், அது உண்மை, மணலில் ஓட்டுபவர்களும் இதைச் செய்வார்கள். ஆனால் அது மணிக்கு இருபது கிலோமீட்டரில் ஊர்ந்து போகிற வண்டிக்கான வித்தை. ஏற்காடு மலைப்பாதை தார்ச்சாலை, இருபது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் வண்டியின் எடை வெளிப்பக்கச் சக்கரத்தில் போய் உட்காரும். 28ல் இருக்கும் டயர் அப்போது பக்கவாட்டில் சாயும், ஸ்டியரிங் திருப்பியதற்கும் வண்டி திரும்புவதற்கும் நடுவில் ஒரு தயக்கம் தெரியும், ஓரத்தில் உடைந்த தார் விளிம்பில் ஏறினால் ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவில் டயர் நசுங்கும். எதிரே பஸ் வந்து ஒதுங்கும்போதுதான் அந்த விளிம்பில் ஏறுவோம். மாமாவிடம் இதைச் சொல்லும்போது பார்த்துச் சொல்லுங்கள், அவர் காலத்து ஜீப்புக்கு அவர் சொன்னது சரிதான்.

மழையிலும் இதே கதைதான். சாலையில் நிற்கும் தண்ணீரில் டயர் மிதக்கத் தொடங்கும் வேகம் அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்று விமான டயர்களை வைத்து நாசாவில் 1960களில் கண்டார்கள். அந்தக் கணக்கில் 33 பிஎஸ்ஐக்கு மணிக்கு 95 கிலோமீட்டர் போல வரும், 24க்கு 80 போல. தேய்ந்த பட்டனும் ஆழமான தண்ணீரும் உள்ள நிலைக்குத்தான் இந்தக் கணக்கு, நல்ல பட்டன் உள்ள கார் டயருக்கு அப்படியே பொருந்தாது, ஆகவே எண்ணைப் பிடித்துக்கொள்ளாதீர்கள். காற்றுக் குறைந்தால் தண்ணீரில் சீக்கிரம் மிதக்கும் என்பதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். மலைப்பாதையில் யாரும் அந்த வேகம் போகப் போவதில்லை. ஊர் திரும்பும்போது சீலநாயக்கன்பட்டி பைபாஸில் போவோம், அங்கே கோடை மழை கொட்டினால் இது உதவும்.

மலையில் நான் உண்மையில் பயப்படுவது இறக்கத்துக்குத்தான், அதுவும் பிரேக் சூட்டுக்கு. மேலிருந்து கீழே வரை பிரேக்கில் கால் வைத்தபடியே இறங்கினால் டிஸ்க் சூடாகி, அந்தச் சூடு ரிம்முக்குப் போய், ரிம்மிலிருந்து டயருக்குப் போகும். அடிவாரத்தில் வண்டியை நிறுத்தினால் கருகின வாசனை வருமே, அதுதான். முன் டயரில் அப்போது அளந்தால் 40க்கு மேல்கூடக் காட்டும். அங்கே காற்றை இறக்காதீர்கள், ஒரு டீ குடிக்கிற நேரம் நிறுத்தி ஆறவிடுங்கள், ரிம்மில் தண்ணீர் ஊற்றாதீர்கள். அடுத்த முறை ஏறின கியரிலேயே இறங்குங்கள், பெரும்பாலும் இரண்டாவது கியர். எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும், வளைவுக்கு முன்னால் மட்டும் பிரேக்கை நன்றாக அழுத்தி விட்டுவிடலாம். நியூட்ரலில் உருட்டிக்கொண்டு வருகிறவர்களும் இருக்கிறார்கள், அவர்களைப் பற்றி நான் எதுவும் எழுதவில்லை, இரத்தக் கொதிப்பு ஏறும்.

அளப்பது எப்படி என்பதில்தான் பாதிப் பேர் கோட்டை விடுகிறார்கள். ஆறிய டயர் என்றால் வண்டி நின்று மூன்று மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும், அல்லது ஒன்றரைக் கிலோமீட்டருக்குள் மெதுவாக ஓடியிருக்க வேண்டும். வெயில் படாத நேரம், அதாவது காலை. உங்கள் வீட்டிலிருந்து பங்க் ஐந்து கிலோமீட்டர் என்றால் இப்படிச் செய்யுங்கள்: சில நூறு ரூபாய்க்கு ஒரு கேஜ் வாங்கிக்கொள்ளுங்கள், காலையில் வீட்டிலேயே அளந்து குறித்துக்கொள்ளுங்கள். ஒரு டயர் 29 காட்டுகிறது, 4 குறைவு. பங்குக்குப் போய்ச் சேரும்போது அதுவே 31 காட்டினால், 33 என்று நிறுத்தாமல் 31 கூட்டல் 4, 35 வையுங்கள். ஆறியதும் 33க்குப் பக்கத்தில் வந்து உட்காரும். பங்கில் காற்று இலவசம்தான், விதிப்படி அவர்கள் வைத்திருக்க வேண்டிய வசதி அது, கூச்சப்படாமல் எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். "நீங்களே பாத்து வைங்க" என்று மட்டும் சொல்லாதீர்கள். அவன் எல்லாக் காருக்கும் ஒரே எண்தான் வைப்பான்.

கேஜ் விஷயத்தில் என் மானத்தையும் கொஞ்சம் விட்டுக்கொடுக்கிறேன். என் கடை கம்ப்ரசரின் கேஜ் மூன்று மாதம் 4 பிஎஸ்ஐ அதிகமாகக் காட்டிக்கொண்டிருந்திருக்கிறது, எனக்குத் தெரியாது. 33 என்று நான் வைத்து அனுப்பியதெல்லாம் 29. ரிட்டயர்டு ஆசிரியர் ஒருவர் தன் சொந்தக் கேஜைக் கொண்டு வந்து, "தம்பி, எதுக்கும் இன்னொரு தடவை பாருங்க" என்றார். நான் அவர் கேஜ்தான் தப்பு என்று வாதம் செய்தேன். மூன்றாவதாக ஒரு கேஜை வைத்துப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டேன். ஆகவே எந்த மெஷின் காட்டும் எண்ணிலும் 2, 3 முன்னேபின்னே இருக்கலாம் என்று வைத்துக்கொண்டு, எப்போதும் ஒரே கேஜில் அளங்கள். கண்ணால் பார்த்தும் காலால் உதைத்தும் சொல்ல முடியாது. இப்போதைய ரேடியல் டயர் சரியான காற்றிலேயே கீழே கொஞ்சம் பிதுங்கித்தான் நிற்கும், 33க்கும் 25க்கும் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. சங்ககிரி லாரிக்காரர்கள் ராடால் தட்டிச் சத்தத்தை வைத்துச் சொல்வார்கள், அது 100க்கு மேல் காற்று வைத்த டயர், பல வருடப் பழக்கம் உள்ள காது, நமக்கு வேலைக்காகாது. காற்று எதுவும் ஆகாமலே மாதம் 1, 2 பிஎஸ்ஐ தானாகக் கசியும். மாதம் ஒரு தடவை, நெடும்பயணத்துக்கு முன்னால் ஒரு தடவை பார்த்தால் போதும். நாலில் ஒன்று மட்டும் மற்றதைவிட வேகமாக இறங்கினால் ஆணியோ வால்வோ, சோப்புத் தண்ணீர் விட்டுப் பார்த்தால் கொப்புளம் காட்டிக்கொடுக்கும்.

சுமைக்கு மட்டும் எண் மாறும், மேல்நோக்கி. உங்கள் ஸ்டிக்கரில் இரண்டு வரிசை இருக்கிறதா என்று பாருங்கள், இரண்டு பேர் போனால் ஒன்று, முழுச் சுமைக்கு ஒன்று. முழுச் சுமைக்குப் பெரும்பாலும் பின் டயருக்குத்தான் கூட்டச் சொல்லியிருப்பார்கள். நீங்கள் ஐந்து பேர், டிக்கி நிறைய சாமான், கூரையில் ஏதாவது கட்டுவீர்களானால் அதுவும், ஆகவே அந்த இரண்டாவது வரிசைதான் உங்களுக்கு. ஒரே வரிசைதான் இருக்கிறது என்றால் அந்த எண் முழுச் சுமைக்கும் சேர்த்துத்தான், அப்படியே வையுங்கள்.

நீங்கள் சொல்லாத ஒன்று என்னை உறுத்துகிறது. கைமாறி வாங்கிய கார் என்றீர்கள், முன்னால் வைத்திருந்தவர் டயர் அளவை மாற்றியிருக்கிறாரா? ஸ்டிக்கரில் உள்ள அளவும் டயரில் உள்ள அளவும் ஒன்றுதானா என்று பாருங்கள். உதாரணத்துக்கு ஸ்டிக்கரில் 165/80 ஆர்14 85 என்று இருந்து, வண்டியில் 185/65 ஆர்15 88 மாட்டியிருந்தால் பயமில்லை, சுற்றளவு கிட்டத்தட்ட ஒன்றுதான், கடைசியில் உள்ள 85, 88 என்பவை சுமைக் குறியீடு, 85 என்றால் ஒரு டயர் 515 கிலோ தாங்கும், 88 என்றால் 560. குறியீடு சமமாகவோ கூடுதலாகவோ இருந்தால் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். குறைவாக இருந்தால் காற்றைக் கூட்டிச் சரிக்கட்டப் பார்க்காதீர்கள், டயரை மாற்றுங்கள். பெரிய அலாய் வீலும் பட்டையான டயரும் போட்டிருந்தால், அல்லது டயரில் எக்ஸ்எல் (XL, கூடுதல் சுமைக்கான வகை) என்று இருந்தால், இங்கிருந்து என்னால் எண் சொல்ல முடியாது. அதே சுமையைத் தாங்க அந்த வகைக்குக் கொஞ்சம் கூடுதல் காற்று தேவைப்படலாம், டயர் கம்பெனியின் சுமை அட்டவணையைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். நல்ல டீலர் கடையில் அது இருக்கும்.

இதுவரை சொன்னதில் பெரும்பாலும் நான் உறுதியாக நிற்பேன். இனி சொல்வதில் என்னைவிட விவரமானவர்கள் மாறுபடலாம். ஸ்டிக்கருக்கு மேல் 2 வைக்கலாமா என்றால், நான் என் வண்டியில் வைக்கிறேன், மாதாந்திரக் கசிவுக்கு முன்பணம் மாதிரி. குலுக்கல் லேசாகக் கூடும், மைலேஜ் மயிரிழை கூடும் (அமெரிக்க எரிசக்தித் துறைக் கணக்குப்படி நாலு டயரிலும் ஒரு பிஎஸ்ஐ குறைந்தால் மைலேஜ் 0.2 சதவீதம்தான் குறையும், ஆக இதில் பணக்காரர் ஆக முடியாது). அதற்கு நடுப்பட்டன் தேயும் என்பார்கள், 2 பிஎஸ்ஐக்கு ரேடியல் டயரில் அப்படித் தேய்ந்து நான் பார்க்கவில்லை, 8, 10 கூட்டி வைத்தவர்களுக்குத் தேய்ந்திருக்கிறது. நைட்ரஜன் பற்றியும் கேட்டிருந்தீர்கள். நாம் அடைக்கும் சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். சுத்தமான நைட்ரஜனில் ஈரம் இருக்காது, கசிவு கொஞ்சம் மெதுவாக இருக்கும், விமானத்துக்கும் ரேஸ் காருக்கும் அது முக்கியம். மாதாமாதம் காற்றுப் பார்க்கிற ஆளுக்கு நான் பார்த்த வரை வித்தியாசம் தெரிவதில்லை. நைட்ரஜனுக்கு அடையாளமாக வால்வில் பச்சை மூடி போட்டுவிட்டு, நைட்ரஜன்தானே என்று ஆறு மாதம் பார்க்காமல் விடுகிறவர்களுக்குக் கெடுதல்கூட. அதோடு சாதாரணக் காற்றைக் கலந்தால் ஒன்றும் ஆகாது, பயப்படாதீர்கள்.

காற்றால் காப்பாற்ற முடியாத டயரும் உண்டு. உங்கள் டயரின் பக்கவாட்டில் DOT என்று ஆங்கிலத்தில் தொடங்கும் வரிசையின் கடைசி நாலு எண்ணைப் பாருங்கள், 2317 என்றால் 2017ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. அவ்வளவு பழையதாக ஏதாவது இருந்தால், பட்டன் எவ்வளவு மிச்சமிருந்தாலும் குடும்பத்தோடு மலை ஏறுவதற்கு முன்னால் ஒரு தடவை கழற்றிக் காட்டிவிடுங்கள், குறைவாக ஓடிய பழைய காரில் பட்டன் புதுசாகவும் ரப்பர் கிழமாகவும் இருக்கும். உள்ளங்கையால் பட்டனைக் குறுக்காகத் தடவிப் பாருங்கள். இரண்டு ஓரமும் தேய்ந்திருந்தால் முன்னவர் காற்றுக் குறைவாக ஓட்டியிருக்கிறார், நடுவில் தேய்ந்திருந்தால் அதிகமாக, ஒரே ஓரம் என்றால் அது அலைன்மென்ட், என்னை மாதிரி ஆளின் பிழைப்பு.

அப்புறம் ஸ்டெப்னி. டிக்கியில் சாமான் அடுக்குவதற்கு முன்னால் அதிலும் காற்றுப் பாருங்கள், மற்ற நாலைவிட 2, 3 கூடவே வையுங்கள், யாரும் அதைத் திரும்பிப் பார்க்கப் போவதில்லை. ஒல்லியான தற்காலிகச் சக்கரமாக இருந்தால் அதன் மேலேயே வேறு எண் இருக்கும், பெரும்பாலும் 60, மணிக்கு 80ஐத் தாண்டாதே என்ற எச்சரிக்கையும் இருக்கும். போன கோடை விழா நேரத்தில் பாதி மலையில் ஒருவர் பஞ்சராகி நின்றார், நான் போகிற வழியில் இறங்கிக் கை கொடுத்தேன், வியர்த்துக் கொட்ட ஜாக்கி போட்டு, நட்டைக் கழற்றி, ஸ்டெப்னியை மாட்டி இறக்கினால் அது அப்படியே உட்கார்ந்துவிட்டது. கேஜை வைத்தேன், 9 காட்டியது.